ஏழு பாட்டும் ஒரு வரியும்

ஆற்றோரத்து யூன்ஷி ஊரில் ஒரு குரு இருந்தார். அவருக்கு, அவரைவிட நான்கு வயது மூத்த சிஷ்யை ஒருத்தி வந்து சேர்ந்தாள். சிஷ்யையின் முகம் சீனா முழுக்கத் தெரியும். குருவின் பெயரோ ஆற்றைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது.

சிஷ்யையின் பெயர் வென்யா. சினிமா நடிகை. வயது நாற்பத்தொன்பது. அவள் யூன்ஷிக்கு வந்ததற்குக் காரணம் ஒரு பேட்டி.

அவள் திரைக்கு வந்து முப்பது வருடம் ஆனதையொட்டி ஒரு பத்திரிகை அவளைப் பற்றிச் சிறப்பிதழ் போட நினைத்தது. தோங் ஹுய் என்ற பெண் நிருபர் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். தொழிலைப் பற்றிக் கேட்டாள், பண்பாட்டைப் பற்றிக் கேட்டாள், அழகைப் பற்றிக் கேட்டாள். மூன்றுக்கும் வென்யாவிடம் பதில் தயாராக இருந்தது. தொழில் ஒரு தவம் என்றாள். பண்பாடுதான் நம் வேர் என்றாள். அழகு உள்ளிருந்து வருவது என்றாள். எந்த இடத்தில் நிறுத்தி ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்பதுகூட அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"கடைசியாக ஒன்று," என்றாள் தோங் ஹுய். "உங்களுக்கு விருது வாங்கித் தந்த அந்தப் படத்திலிருந்து இரண்டு வரி பாடுவீர்களா? பத்திரிகைக்காக இல்லை. நான் கேட்பதற்காக."

"தொண்டை சரியில்லை," என்றாள் வென்யா.

இருபத்திரண்டு வருடமாக அவளுக்குத் தொண்டை சரியில்லைதான்.

தோங் ஹுய் வற்புறுத்தவில்லை. நோட்டை மூடிக்கொண்டே சொன்னாள்.

"நான் இசைப் பள்ளியில் ஐந்து வருடம் படித்தவள். எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு வருடமும் உங்கள் பாட்டைப் போட்டுக் காட்டுவார். பயிற்சியே இல்லாத ஒரு நடிகை இப்படிப் பாடியிருக்கிறாள், வருடக்கணக்காகப் படிக்கிற உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்பார். எனக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகுதான் பாட்டை விட்டுவிட்டு எழுத வந்தேன்."

குற்றம் சாட்டும் தொனியே இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கிளம்பும்போது இரண்டு கைகளாலும் வென்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

கதவு சாத்தியபின் வென்யா அதே நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படத்தில் அவள் ஒரு நாடகப் பாடகியாக நடித்திருந்தாள். மொத்தம் ஏழு பாட்டு. ஏழையும் பாடியது யூன்ஷியிலிருந்து வந்த ஒரு பெண். மூன்று நாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடிக்கொடுத்துவிட்டு நான்காம் நாள் பஸ் ஏறிப் போய்விட்டாள். படத்தில் அவள் பெயரைப் போடவில்லை. கதாநாயகியே பாடியது என்று தயாரிப்பாளர் விளம்பரம் செய்தார். படம் ஓடியது. விருது மேடையில் தொகுப்பாளர் மைக்கை நீட்டி, "ஏழு பாட்டும் நீங்களேவா?" என்று கேட்டார். வென்யா தலையைக் குனிந்து புன்னகை செய்தாள். அரங்கமே கைதட்டியது. எவ்வளவு அடக்கம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

ஆம் என்று அவள் வாய் திறந்து சொன்னதில்லை. அன்று அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாகப் பட்டது.

அந்தப் பாடகியின் பெயர் என்ன? வென்யாவுக்கு நினைவில்லை. மறந்துபோயிற்று என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கே அவள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பழைய ஒலிப்பதிவாளரைத் தேடிப்பிடித்துக் கேட்டாள். அவருக்கும் இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருந்தது.

ருவான் பிங்.

*

யூன்ஷியில் ஒரு பழைய பட்டுக்கூடுக் கிடங்கில் நாடகக் குழு ஒன்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. பெண்களே எல்லா வேடமும் போடும் குழு. நடுவில் நின்றவள் ஆண் வேடக்காரி. சாதாரணச் சட்டையும் துணிக் காலணியும் போட்டிருந்தாள். குட்டையான உருவம், அகன்ற முகம், கன்னத்தில் அம்மைத் தழும்பு. அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடினாள். அந்த ஏழு பாட்டின் குரல். வாசலில் நின்ற வென்யா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ஒத்திகை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. நடுவில் நின்ற ருவான் பிங்குக்கும் தெரிந்தது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

வென்யா மண்டியிட்டாள். ஓராயிரம் தடவை கேமரா முன்னால் மண்டியிட்டவள்தான். அன்று முழங்கால் சிமெண்டுத் தரையில் இடித்து வலித்தது.

"என்னைச் சிஷ்யையாக ஏற்றுக்கொள்ளுங்கள்."

"எதைக் கற்க?"

"பாட."

"உங்களுக்குப் பாடத் தெரியும் என்றல்லவா ஊரெல்லாம் பேச்சு?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சுற்றி இருபது பேர் நின்றார்கள். அவள் தலையைக் குனிந்தாள். குனிந்த பிறகுதான் அது அதே குனிவு என்று உறைத்தது. காது மடல்வரை சூடேறியது.

ருவான் பிங் கையசைத்து மற்றவர்களை அவரவர் இடத்துக்கு அனுப்பினார். பிறகு, "மூலையில் துடைப்பம் இருக்கிறது. முதலில் கிடங்கைக் கூட்டு," என்றார்.

'நீங்கள்' போய் 'நீ' வந்திருந்தது. ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

*

முதல் மாதம் பாட்டே இல்லை. நாடகம் முடிந்ததும் நடிகைகளின் முகத்தில் இருக்கிற அரிதாரத்தைத் துடைப்பது அவள் வேலை. எண்ணெயில் நனைத்த பஞ்சு, வெந்நீர், துண்டு. இவ்வளவுதான் கருவிகள்.

குழுவில் மா குய் என்று ஒருத்தி இருந்தாள். அறுபத்திரண்டு வயது. பதினாறு வயதுக் கன்னி வேடம் அவளுக்குத்தான். மேடையில் அவள் விசிறிக்குப் பின்னால் வெட்கப்பட்டால் முன்வரிசைக் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வென்யா ஒருநாள் குருவிடம் கேட்டாள். "குருவே, அழகு என்பது என்ன? முப்பது வருடமாக அதைத்தான் விற்றேன். அது என்னவென்று எனக்குத் தெரியாது."

"மா குய்யின் முகத்தைத் துடைத்துவிட்டு வா."

வென்யா போய்த் துடைத்தாள். வெள்ளை கரைந்தது, சிவப்பு கரைந்தது. அடியில் சுருக்கமும் கரும்புள்ளிகளும் தெரிந்தன. முன்பல் ஒன்று இல்லை. மா குய் கண்ணை மூடிக்கொண்டு, பொரித்த மீனுக்கு எவ்வளவு இஞ்சி போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். "அடடா, நான்தானா," என்று சொல்லிவிட்டு மீன் கதையைத் தொடர்ந்தாள்.

வென்யா கண்ணாடியில் பக்கத்தில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். இமையில் ஒருமுறை கத்தி பட்ட முகம். தாடையில் இரண்டு முறை. வருடத்துக்கு நான்கு தடவை ஊசி போட்டுக்கொள்ளும் முகம். 'நான்தானா' என்று அதனிடம் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

குருவிடம் திரும்பி வந்தாள்.

"துடைத்தாயா?"

"துடைத்தேன்."

"எதைத் துடைக்க முடியவில்லை?"

ருவான் பிங் அடுத்த நாடகத்துக்கான தலைப்பாகையைக் கட்டப் போய்விட்டார்.

*

இரண்டாம் மாதம் பாட்டு தொடங்கியது. அந்த நாடகங்கள் அந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சிலேயே பாடப்படுபவை. வென்யாவின் உச்சரிப்போ வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது.

"நீ எந்த ஊர்?" என்று குரு கேட்டார்.

"ஷாங்காய்."

எல்லாப் பேட்டியிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ருவான் பிங் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து வெந்நீர்ப் பானை கை நழுவி அவள் பாதத்தில் கொட்டியது. வென்யா அலறினாள். அலறலோடு மூன்று வார்த்தை வந்தது. பத்து வயதுவரை அவள் வளர்ந்த ஊரில் மீன்காரிகள் திட்டும் வார்த்தைகள். சுத்தமான வட்டாரப் பேச்சு. கிடங்கே அதிர்ந்து சிரித்தது. ஆற்றின் அக்கரையில், படகில் போனால் அரை மணி நேரத்தில் வரும் ஊர் அவளுடையது என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வென்யா முகத்தை மூடிக்கொண்டாள். கால் எரிச்சலைவிட அது பெரிய எரிச்சலாக இருந்தது.

ருவான் பிங் குளிர்ந்த நீர் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார்.

"இப்போது வந்ததே குரல், அங்கிருந்து பாடு," என்றார்.

*

மூன்றாம் மாதமும் வந்தது. சொல்ல வேண்டியதை வென்யா இன்னும் சொல்லவில்லை. இருவருக்கும் தெரிந்த விஷயம் இருவருக்கும் நடுவில் தினமும் உட்கார்ந்திருந்தது. தன் பங்கு சோற்றை வாங்கும்போதுகூட அவளால் குருவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் ஒரு காலை, குரு கிழிந்த சட்டைக் கையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, வென்யா மடித்த காகிதத்தோடு வந்து நின்றாள்.

"நான் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். பத்திரிகையாளர்களைக் கூட்டி மேடையில் நின்று சொல்லப் போகிறேன். எழுதி வைத்திருக்கிறேன்."

"படி."

வென்யா படித்தாள். நன்றாக எழுதப்பட்டிருந்தது. நடுவில் அவள் குரல் உடைந்தது. முடிவில் கண்ணீர் வந்தது. ருவான் பிங் ஊசியை நிறுத்தவில்லை.

"அதில் 'நான்' என்று எத்தனை இடத்தில் வருகிறது?"

வென்யா எண்ணிப் பார்த்தாள். "முப்பத்தொன்று."

"இதைப் படித்து முடித்ததும் என்ன நடக்கும்?"

வென்யா யோசித்தாள். அவளுக்கு அந்தக் காட்சி தெளிவாகத் தெரிந்தது. விளக்குகள், கேமராக்கள், ஒரு நிமிட அமைதி. பிறகு யாரோ ஒருவர் தொடங்கி வைக்க, மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும்.

"கைதட்டுவார்கள்," என்றாள் மெதுவாக.

காகிதத்தை மடித்தாள். இன்னும் சின்னதாக மடித்தாள். அதற்குமேல் மடிக்க முடியவில்லை.

"உங்களுக்கு என்மேல் கோபமே வரவில்லையா, குருவே?"

ருவான் பிங் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"படம் எங்கள் ஊருக்கு வந்தபோது என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாடியது நான் என்று சொல்லாமல் கூட்டிப் போனேன். முதல் பாட்டு வந்ததும் அம்மாவின் காதில், இது நான் என்றேன். அம்மா திரையைப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதே என்றாள்."



"உங்கள் குரல் அவருக்குத் தெரியாதா?"

"ஒன்பது வயதிலிருந்து தினமும் காலையில் என்னைப் பாடச் சொல்லி எழுப்பியவள் அவள்தான்."

"பிறகாவது நம்பினாரா?"

"திரையில் நீ அவ்வளவு அழகாக இருந்தாய்," என்றார் ருவான் பிங்.

அவர் குரலில் கசப்பு இல்லை. அது இருந்திருந்தால் வென்யா அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றாள்.

"நீ இதைப் படித்தபோது யார் முகம் உன் கண்ணில் தெரிந்தது?" என்று குரு கேட்டார்.

"கூட்டம்."

"ஒரு முகம்கூட இல்லையா?"

வென்யா கையிலிருந்த காகித மடிப்பைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஒருத்தி இருக்கிறாள். பாட்டை விட்டுவிட்டவள்."

"அவளிடம் போ. காகிதம் வேண்டாம்."

*

தோங் ஹுய் தன் அலுவலகத்துக்கு எதிரே இருந்த நூடுல்ஸ் கடைக்கு வரச் சொன்னாள். மதிய நேரம், இரைச்சலான கடை. வென்யா ஒப்பனை இல்லாமல் போயிருந்தாள். அடையாளம் தெரிந்துகொள்ளத் தோங் ஹுய்க்கு ஒரு கணம் பிடித்தது.

வென்யா நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். நான் பாடவில்லை. பாடியவர் பெயர் ருவான் பிங். தெரிந்தே மறைத்தேன். நீங்கள் பாட்டை விட்டதற்கு நான்தான் காரணம்.

தோங் ஹுய் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தாள்.

"அவர் எத்தனை வயதில் கற்கத் தொடங்கினார்?"

"ஒன்பது."

"பதிவின்போது?"

"இருபத்துமூன்று."

"பதினான்கு வருடப் பயிற்சி." தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள். "எனக்கு அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது."

பக்கத்து மேசையில் யாரோ மிளகாய் எண்ணெய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தில் நூடுல்ஸ் ஆறி ஆடை கட்டியது.

"மன்னிப்புக் கேட்க வந்தீர்களா?"

"ஆமாம்."

"இன்றைக்கு என்னால் முடியாது."

"சரி."

"இதை எழுதலாமா?"

"உங்கள் விருப்பம்."

தோங் ஹுய் எழுதினாள். நல்ல வார்த்தையும் போடவில்லை, கெட்ட வார்த்தையும் போடவில்லை. முதல் வரியில் ருவான் பிங்கின் பெயர் இருந்தது. வென்யாவின் பெயர் நான்காவது பத்தியில் வந்தது.

அதன் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. முகப்பூச்சு விளம்பரப் பலகைகளிலிருந்து அவள் முகம் இறங்கியது. ஒப்பந்தமான இரண்டு படங்கள் கைவிட்டுப் போயின. செல்போனைத் திறந்தால் முன்பின் தெரியாதவர்கள் காறித் துப்பினார்கள். அவள் மேனேஜர் தினமும் அழைத்தார். ஒரே ஒரு பேட்டி, கொஞ்சம் அழுகை, ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். வென்யா விருதைத் துணியில் சுற்றித் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி யூன்ஷிக்கு பஸ் ஏறினாள். முகத்துணி போட்டிருந்தாள். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

கிடங்கு வாசலில் நிருபர்கள் நின்றார்கள். ருவான் பிங்கின் முன்னால் பத்து மைக்குகள். இத்தனை வருடம் ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள்.

"ஒத்திகைக்கு நேரமாகிறது," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். போகிற வழியில் வென்யாவைப் பார்த்து, "நீயும்தான்," என்றார்.

*

வசந்தத் திருவிழாவுக்கு ஆற்றங்கரைக் கோயில் முற்றத்தில் மேடை போட்டார்கள். பிற்பகல் நாடகம். வழக்கமாக இருநூறு பேர் வருவார்கள். அன்று மதில்மேலெல்லாம் ஆட்கள். பாதிப்பேர் ருவான் பிங்கின் குரலைக் கேட்க வந்தவர்கள். மற்றவர்கள் எதற்கு வந்தார்கள் என்று வென்யாவுக்குத் தெரியும்.

அவளுக்குப் பணிப்பெண் வேடம். ஒரு தட்டோடு வர வேண்டும். மா குய்யிடம் ஒரே ஒரு வரி பாட வேண்டும். 'மழை விட்டது, படகு வந்தது, அம்மணி.' அவ்வளவுதான். தட்டை வைத்துவிட்டுப் போய்விடலாம்.

திரை ஓட்டை வழியாக அவள் கூட்டத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாகச் செல்போன்கள் தயாராக நின்றன. நான்காவது வரிசை ஓரத்தில் தோங் ஹுய் உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் மட்டும் எதுவும் இல்லை.

வென்யா பின்வாங்கினாள்.

"என்னால் முடியாது, குருவே."

ருவான் பிங் இளவரசர் அங்கியில், முகம் முழுக்க அரிதாரத்தோடு நின்றிருந்தார். "ஏன்?"

"சிரிப்பார்கள்."

"சிரிக்கலாம்."

"என் குரல் உங்களுக்கே தெரியும். ஒரு வரிதானே. நான் தட்டோடு போய் வாயசைக்கிறேன், திரைக்குப் பின்னால் யாராவது..."

பாதியில் நின்றுவிட்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அங்கியைத் தைப்பவள், தாளக்காரி, மா குய் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். விருது மேடையில்கூட அவள் இவ்வளவு சிறுத்துப்போனதில்லை. அங்கே கைதட்டல் இருந்தது.

ருவான் பிங் மேசையிலிருந்த தட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

தாளம் மாறியது. அவள் முறை வந்துவிட்டது.

வென்யா வெளியே போனாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. செல்போன்கள் உயர்ந்தன. அவள் மா குய்யின் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். சன்னமான, கொஞ்சம் கரகரத்த குரல். அக்கரை ஊர் மீன்காரிகளின் குரல். பாதி வரியில் அது தடுமாறியது. மதில்மேலிருந்து ஒருவன், "இதுதான் அசல்!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அரிதாரத்துக்கு அடியில் முகம் தீயாய் எரிந்தது. தலை தானாகக் கீழே போகப் பார்த்தது. அவள் மா குய்யின் கண்களையே பார்த்துக்கொண்டு மீதி வரியைப் பாடினாள். தட்டை வைத்தாள். உள்ளே வந்தாள்.

வெளியே சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ருவான் பிங் மேடைக்குப் போகக் காலெடுத்து வைத்துவிட்டார். வென்யா அவர் வழியில் நின்றாள்.

"எப்படி இருந்தது, குருவே?"

"'படகு' என்ற இடத்தில் சுருதி இறங்கிவிட்டது," என்றார் ருவான் பிங். "நாளைக் காலை அங்கிருந்து தொடங்கலாம்."